நின்று பேச இடமுள்ள தெரு

விடியற்காலையில் நெசவாளர்கள் வாழும் பாலராமபுரம் சாலியர் தெருவுக்குள் நுழைந்தால், தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், நீட்டியிருப்பதை இப்போதும் எப்போதாவது பார்க்கலாம். தாங்கி நிறுத்திய நூல் வரிசைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி போடுவார்கள். பெரிய தூரிகையை ஒரே வாட்டமாக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அறுந்த இழையை ஒருவர் முடிந்துகொண்டே வருவார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். தனி ஆளால் ஆகாத வேலை இது. பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுப் பெரியவர், பள்ளிக்கூடம் போகுமுன் கொஞ்ச நேரம் கிடைத்த பையன் என்று நாலைந்து பேர் கை கொடுத்தால்தான் முடியும். இன்றைக்கு இவர் வீட்டுப் பாவு என்றால் நாளைக்கு அவர் வீட்டுப் பாவு.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், தெற்குத் தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அமைந்த இந்தக் குடியிருப்பில் வீடும் தறியும் ஒன்றாகவே இருந்தன. பாவு நீட்டத் தெரு நேராக இருக்க வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், காலையில் வண்டி வரக் கூடாது. தொழில் கேட்ட தெரு அது. அந்தத் தெருவே குழந்தைகளுக்கு விளையாட்டிடம் ஆனது, பெண்கள் பாவு சுற்றிக்கொண்டே பேசும் இடம் ஆனது, சாயங்காலம் பெரியவர்கள் உட்காரும் இடமும் ஆனது.

நகரங்களை எப்படி அமைத்தால் மக்கள் ஒருவரை ஒருவர் அறிந்து, எல்லோருக்கும் இடம் கொடுத்து, மண்ணையும் நீரையும் கெடுக்காமல் வாழ முடியும் என்பது இன்று உலகம் முழுவதும் பேசப்படும் விஷயம். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11-ஆவது இலக்கு நகரங்களைப் பற்றியது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பயமில்லாமல் வந்துபோகும் பொது இடங்களும் பசுமை வெளிகளும் 2030-க்குள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதைக் கேட்டதும் நம் நகராட்சிகளுக்குப் பூங்கா நினைவுக்கு வருகிறது. வேலி போட்டு, செயற்கை நீரூற்று வைத்து, ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டும் பூங்கா. பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் பழகுவது பெரும்பாலும் பூங்காவுக்கென்று கிளம்பிப் போய் அல்ல. பால் வாங்கப் போகும் வழியில், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், கடை வாசலில் பழகுகிறார்கள். அதனால் ஒரு நகரம் எல்லோருக்குமானதா என்று பார்க்க நான் முதலில் அதன் தெருக்களைத்தான் பார்ப்பேன்.

திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரகாரத்துத் தெருக்களும் அப்படிப்பட்ட பழைய பாடம். பக்கச் சுவர் பொதுவாக இருப்பதால் ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டுக்குக் குளிர்ச்சி. வெயில் படும் சுவர் முன்னும் பின்னும்தான். குறைந்த நிலத்தில் நிறைய குடும்பங்கள், அதுவும் மாடி மேல் மாடி கட்டாமல். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கடைசியில் கொல்லை. இதில் திண்ணைதான் கெட்டிக்கார ஏற்பாடு. அது வீட்டுக்காரருடையது, ஆனால் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே கூப்பிடாமலே ஒருவரை உட்காரச் சொல்லலாம், உள்ளே போகாமலே ஒருவர் விசாரித்துவிட்டுப் போகலாம். வயதான பாட்டி திண்ணையில் இருந்தால் பள்ளி விட்டு வரும் குழந்தைகள் மேல் ஒரு கண் இருக்கும். இன்று அந்தத் திண்ணைகளில் பல கார் நிறுத்துமிடமாகவும் இரும்பு கேட்டாகவும் மாறிவிட்டன. கேட்டைச் சாத்திவிட்டால் தெருவில் யார் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சரி, பழைய தெருக்கள் அவ்வளவு நல்லவையா? இல்லை. பழைய ஊரமைப்பைப் புகழ்ந்து எழுதுகிற பல கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் வெள்ளை முண்டு கட்டி, தலைப்பாகை வைத்து, மணி கட்டிய காளைகள் பூட்டிய வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். புலையர் சாதியில் பிறந்தவர் அந்தச் சாலையில் வண்டியில் போகக் கூடாது, அப்படி உடுத்தக் கூடாது என்பது அன்றைய வழக்கம். அதை உடைக்கத்தான் போனார். சில ஆண்டுகள் கழித்து அவரும் தோழர்களும் பாலராமபுரத்துச் சாலியர் தெரு வழியாக நடந்தபோது தாக்கப்பட்டார்கள். திருப்பி அடித்தார்கள். கலவரம் சுற்று வட்டாரத்துக்கும் பரவியது. மேலே நான் ஆசையோடு சொன்ன அதே தெருதான். ஒருவருக்கு ஒருவர் பாவு பிடித்துக் கொடுத்த தெருவில், வெளியிலிருந்து வந்த ஒரு மனிதன் நடக்க அடிபட வேண்டியிருந்தது.

வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார், சிறை போனார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. நான்காவது தெரு திறக்க 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வர வேண்டியிருந்தது. அதே 1924-இல் மதராஸ் மாகாண அரசு பொதுத்தெருக்களில் யாரும் நடக்கலாம் என்று அறிவித்தது. ஆனாலும் அந்த மாகாணத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் நடக்கப் போன ஈழவர் சாதியினர் தாக்கப்பட்டார்கள். கல்பாத்தியின் ஓட்டு வீட்டு வரிசையும் தேர்த் தெருவும் இன்று சுற்றுலாப் படங்களில் வருகின்றன. அந்தத் தெருவின் அழகைப் படிக்க வரும் கட்டடக்கலை மாணவர்களுக்கு இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திண்ணையும் ஓடும் தூணும் மனிதர்களைச் சேர்த்து வைக்கும், ஆனால் எந்த மனிதர்களை என்பதை அவை முடிவு செய்வதில்லை. அதைச் சட்டமும் போராட்டமும் முடிவு செய்தன.

இன்று பலகை வைத்து யாரையும் தடுப்பதில்லை. பதிலாகச் சாலையின் அமைப்பே சிலரைத் தடுத்துவிடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கரமனையிலிருந்து களியக்காவிளை வரைக்கும், அதாவது தமிழ்நாட்டு எல்லை வரைக்கும், சாலையை 30.2 மீட்டருக்கு அகலப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாக நடந்து வருகிறது. வேலை முடிந்த பகுதியில் நான்கு வழி, நடுவில் தடுப்பு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம், அது உண்மைதான். ஆனால் சாலையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் மருந்துக் கடையும் உள்ள எழுபது வயது அம்மாவுக்கு என்ன ஆனது? முன்பு வண்டி குறையும்போது கடந்து போவார். இப்போது சிக்னல் வரை நடந்து, நான்கு வழியைத் தாண்டி, மறுபடி அவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டும். ஓரிரு முறை போவார். அப்புறம் பேரனிடம் சொல்லி வாங்கிக்கொள்வார். மருந்துக் கடையில் நாலு பேரைப் பார்த்துப் பேசிய அரை மணி நேரம் அவர் வாழ்க்கையிலிருந்து காணாமல் போய்விடும். அதற்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் கணக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். 1960-களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர், ஒரே மாதிரி வீடுகள் உள்ள மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். வித்தியாசம் போக்குவரத்தில் மட்டும். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் சுமார் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நெரிசலான தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. முகமறிந்தவர்களின் எண்ணிக்கையும் 6.3-லிருந்து 3.1 ஆகக் குறைந்தது. தங்கள் ‘வீடு’ எதுவரை என்று வரைபடத்தில் காட்டச் சொன்னபோது, வண்டி குறைந்த தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வரைந்தார்கள். நெரிசலான தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உயிர்க்கணக்கும் உண்டு. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கேரளத்தில் இது இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் இங்கே முதியவர்கள் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் மாநிலத்தில் 12.6 சதவீதம், இந்திய மாநிலங்களிலேயே அதிகம். மெதுவாக நடப்பவர்கள் நிறைந்த மாநிலத்தில் வேகத்துக்காகவே சாலை போடுகிறோம்.

நடைபாதையின் அளவுகள் எழுத்தில் இருக்கின்றன. சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், சாலையிலிருந்து அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 1.8 மீட்டர் என்றால் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் போகலாம். சரிவுப் பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். நம் ஊரில் கடை வாசல்களில் பார்க்கிற சரிவுகள் பலவும் சக்கர நாற்காலிக்காரரைப் பின்னால் கவிழ்க்கும் அளவுக்குச் செங்குத்து. விதிப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள், ஏறிப் பார்த்தவர் யாருமில்லை. இரண்டு அடி நடந்தால் டிரான்ஸ்ஃபார்மர், இன்னும் இரண்டு அடி நடந்தால் விளம்பரத் தட்டி, அப்புறம் ஒரு மூடாத ஓடை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி செய்யச் சொல்கிறது. அதை வாங்கித் தர ஒவ்வொரு வார்டிலும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

முடியாத காரியமில்லை என்பதற்கு கொச்சியே சாட்சி. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் படகுத்துறையே மிதக்கிறது. ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் துறையும் படகின் தளமும் ஒரே உயரத்தில் நிற்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகலாம், குழந்தை வண்டியையும் அப்படியே. மின்சாரத்தில் ஓடும் இந்தப் படகுகளை கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டியது. தீவுகளில் இருப்பவர்களை நகரத்தோடு இணைப்பதுதான் நோக்கம். டீசல் புகை குறைவதும், கால் முடியாதவர் தீவிலிருந்து தனியாகக் கிளம்பி வருவதும் ஒரே வடிவமைப்பில் நடக்கிறது. தொடக்கத்திலேயே யோசித்ததால் அது ஒட்டுப்போட்ட ஏற்பாடு மாதிரித் தெரிவதில்லை.

உட்காரும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள், நாள் முழுவதும் நின்றே வேலை செய்ய வேண்டியிருந்ததை எதிர்த்துச் சங்கம் கட்டினார்கள். கழிப்பறை கேட்டார்கள், உட்கார நாற்காலி கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. 2021-இல் தமிழ்நாடும் அதே வழியில் திருத்தியது. கடைக்குள் இருக்கும் பெண்களுக்கே இப்படிப் போராட வேண்டியிருந்தது என்றால், தெருவில் போகிற பெண்ணுக்கு உட்கார எங்கே இடம்? பஸ் நிறுத்தங்களில் சாய்ந்து நிற்க ஒரு குழாய் வைத்து, அதை இருக்கை என்கிறார்கள். ஒரு பெண் பொது இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பாள் என்பதைப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதைச் சொல்ல எந்த நிபுணரும் தேவையில்லை, வீட்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அதே திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. மாசி மாதம், பெண்கள் தெருவில் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்கலைத் திருவிழா. மதுரையை எரித்த கண்ணகி மேற்கே வந்து ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது நம்பிக்கை, திருவிழா நாட்களில் அவள் கதையைத் தோற்றம் பாட்டாகப் பாடுவார்கள். பொங்கலைக்கு முந்தின நாளே கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் பெண்கள் வந்து இறங்குவார்கள். கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குச் சாலை நெடுக மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. வண்டிகள் கிடையாது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. விறகு ஈரமாகிவிட்டதா என்று பக்கத்து அடுப்புக்காரி பார்த்துக்கொள்வார், யாரென்றே தெரியாதவருக்கு ஓலைக் கட்டைப் பாதி பிரித்துக் கொடுப்பார். சாலையோர வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து வைத்துத் தண்ணீரும் கழிப்பறையும் கொடுப்பார்கள். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. 1997-இல் 15 லட்சம் பெண்கள் கூடியதாகவும் 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகவும் கின்னஸ் பதிவு செய்தது. இரவில் தனியாக நிற்கத் தயங்கும் அதே சந்திப்பில் பொங்கலைக்கு முந்தின இரவு பெண்கள் பாய் விரித்துத் தூங்குகிறார்கள்.

இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. நகரமைப்புக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு நாளில் ஏற்பாடாகின்றன. வண்டிகளை நிறுத்துகிறார்கள், குடிநீர்க் குழாய் போடுகிறார்கள், தற்காலிகக் கழிப்பறை வைக்கிறார்கள், விளக்கு எரிகிறது, காவலுக்குப் பெண் போலீஸ் நிற்கிறார்கள், மருத்துவக் குழு இருக்கிறது. முடிந்ததும் மாநகராட்சி ஊழியர்கள் இரவுக்குள் தெருவைக் கழுவிவிடுகிறார்கள். அடுப்புச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது மாநகராட்சி. பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் வேண்டாம் என்ற கட்டுப்பாடும் வந்துவிட்டது. ஒரு நாள் செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ‘சாலை’ என்ற பெயருள்ள நகரச் சந்தையில் தினமும் ஒரு கழிப்பறையை நன்றாக வைத்திருக்கவும் தெரியும்.

சாலைச் சந்தை என்றதும் தெருவோர வியாபாரிகளைச் சொல்லாமல் விட முடியாது. தோவாளைப் பூவும் நாகர்கோவில் வாழைக்காயும் வந்து இறங்கும் அந்தக் கடைத்தெருவில் தமிழ் கேட்காத மூலை இல்லை. நகரத்தை அழகாக்கும் திட்டம் எது வந்தாலும் முதலில் கிளப்பப்படுவது கூடைக்காரர்கள்தான். ஆனால் 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது என்றும் சொல்கிறது. இரவு பத்து மணிக்குக் கடை பரப்பியிருக்கும் ஒரு பூக்காரம்மா இருப்பதால்தான் அந்த வழியே ஒரு பெண் தைரியமாக நடக்கிறாள். கேமரா கம்பத்தால் அது ஆகாது. கம்பம் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்காது.

தம்பானூரில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. சுருள் சுருளாக ஏறும் ஒரே சரிவுத் தளம், ஓரத்தில் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேஜைகள், காற்று வர செங்கல் ஜாலிச் சுவர். ஏசி இல்லை. மேலே இடம் தேடி ஏறுகிறவர் எல்லோரையும் கடந்துதான் போக வேண்டும், அதனால் தெரிந்த முகம் கண்ணில் படாமல் போகாது. ரயிலுக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளியும் தலைமைச் செயலக ஊழியரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து மசாலா தோசை சாப்பிடுகிறார்கள். பேக்கரின் வழியைத் தொடரும் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, சாலைச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள கரிமடம் காலனியில் அங்கிருந்த மக்களுக்கு அதே இடத்தில் வீடு கட்டும் வேலையைச் செய்தது. நகருக்கு வெளியே பெரிய அடுக்குமாடிகள் கட்டி ஏழைகளைக் கொண்டுபோய் விடுவதை நாம் சென்னையில் நிறையப் பார்த்தாயிற்று. வீடு கிடைக்கும், வேலையும் பழகிய அக்கம்பக்கமும் போய்விடும்.

குப்பைக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பல ஆண்டுகள் திருவனந்தபுரத்தின் குப்பை விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போனது. நாற்றமும் கெட்ட தண்ணீரும் தாங்க முடியாமல் அந்த ஊர் மக்கள் போராடி 2011 டிசம்பரில் ஆலையை மூட வைத்தார்கள். நகரத்தின் சுத்தத்துக்கு ஒரு கிராமம் விலை கொடுத்தது அதோடு முடிந்தது. அதன் பிறகுதான் வீட்டிலேயே உரமாக்கும் தொட்டிகளும் வார்டுகளில் பொது உரத் தொட்டிகளும் வந்தன. வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கும் ஹரித கர்ம சேனையின் பெண்கள் இன்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். எந்த வீட்டில் தாத்தா தனியாக இருக்கிறார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். இருந்தும் ஓடைகளில் குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் நகரம் என்று பேசும்போது, அந்த ஓடையில் இறங்க வேண்டியிருந்தவரையும் எண்ண வேண்டும்.

முடிவுகள் எடுக்கும் மேஜையில் யார் இருக்கிறார்கள் என்பது கடைசியில் வந்து நிற்கிறது. கேரளத்தில் இதற்கு வழி இருக்கிறது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டம், உள்ளாட்சிக்கு நிதியும் திட்டமிடும் பொறுப்பும் கொடுத்தது. 1998-இல் வந்த குடும்பஸ்ரீ அண்டை வீட்டுப் பெண்களைக் குழுக்களாக்கியது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. தமிழ் பேசும் குடும்பங்கள் வார்டு கூட்டங்களில் பேசத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மலையாளம் பேச வராததால் அல்ல, இது நம் ஊர்க் காரியம்தானா என்ற தயக்கம். இருநூறு ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

களியக்காவிளைச் சாலையின் அடுத்த பகுதிகளில் இப்போது கேட்க வேண்டியவை இவைதான்: பாலராமபுரம் சந்திப்பில் நடப்பவர்கள் ஏறி இறங்காமல் கடக்க, நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய கடவைகள், வெட்டும் மரங்களுக்கு ஈடாக அதே சாலையோரத்தில், நிழல் விழும் பக்கத்தில் மரங்கள், இடிபடும் சிறு கடைகளுக்கு அதே சந்தையில் இடம், முதுகு சாய்க்கும் இருக்கையும் பூட்டாத கழிப்பறையும் உள்ள பஸ் நிறுத்தம், காலையில் பாவு நீட்டும் நேரத்தில் சாலியர் தெருக்களுக்குள் நெரிசல் வண்டிகளைத் திருப்பிவிடாத போக்குவரத்து ஏற்பாடு. வரைபடம் மேஜையில் இருக்கும்போதே கேட்டால் செலவு கொஞ்சம். தார் போட்ட பிறகு கேட்டால் அடுத்த அகலப்படுத்தல் வரை காத்திருக்க வேண்டும்.